சௌகார்பேட்டை ஆயம்பில் சாலையில் ஒன்பது நாட்கள்

சென்னை சௌகார்பேட்டையில், மின்ட் தெருவிலிருந்து பிரியும் ஒரு குறுகிய சந்தில், சமணரின் ஒரு பிரிவான சுவேதாம்பரர்களின் கோயிலை ஒட்டி இயங்கும் ஆயம்பில் சாலை என்ற உணவுக்கூடம் ஒன்றில், சென்ற சைத்திர மாத ஓளி நோன்பின் ஒன்பது நாளும் உண்டேன். ஓளி என்பது ஆண்டுக்கு இரு முறை, சைத்திரம், ஆசுவினம் ஆகிய மாதங்களின் வளர்பிறை ஏழாம் நாள் தொடங்கி முழுநிலவு வரை நோற்கப்படுவது. அந்த நாட்களில் ஏற்கும் உணவு நோன்பே ஆயம்பில். ஒரு வேளை மட்டுமே உணவு. அந்த ஒரு வேளையிலும் பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், பொரித்த பண்டம் ஆகிய ஆறும் கிடையாது. காயும் கனியும் கிடையாது. வேகவைத்த தானியமும் பருப்பும் மட்டுமே உண்டு. இதற்கென்றே சமையற்கூடமும் உண்ணும் கூடமும் அமைத்து, நோற்பவர்களுக்குக் கட்டணமின்றி உணவளிக்கும் இடத்தையே ஆயம்பில் சாலை என்கிறார்கள். செலவை அன்றைய கொடையாளர் ஏற்றுக்கொள்கிறார். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'லாபம்'. உணவளிக்கக் கிடைத்த வாய்ப்பே தமக்கு லாபம் என்பது பொருள்.

நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவன். நாங்கள் சமணத்தின் மற்றொரு பிரிவான திகம்பரர், எங்களுக்கு ஆடி, கார்த்திகை, பங்குனியை ஒட்டி வரும் அஷ்டானிகமும், புரட்டாசியை ஒட்டி வரும் தசலட்சண நாட்களும்தான் நோன்புக் காலங்கள். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டைச் சிறுவயதில் அப்பா அழைத்துச் சென்று காட்டியிருக்கிறார். ஆகவே நோன்பு எனக்குப் புதிதன்று. ஆயம்பில்தான் புதிது. அலுவலகத்தில் உடன் பணியாற்றும் ஒரு மார்வாடி நண்பர் வழியாகத்தான் அதை அறிந்தேன்.

இந்தச் சாலையை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்று சொல்ல, அதற்கு முந்தைய ஆண்டு என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்போது மூன்று நாட்கள் வீட்டிலேயே ஆயம்பில் நோற்றேன். எண்ணெய் படாத தனிப் பாத்திரங்கள் வேண்டும் என்று நான்கு புதிய பாத்திரங்கள் வாங்கினேன். குடும்பத்தாருக்கு ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல், குடிக்கும் நீரைக் காய்ச்சத் தனியாக ஓர் அடுப்பு என்று மூன்று அடுப்புகள் எரிந்தன. ஒருவருக்கு எவ்வளவு வேகவைப்பது என்ற அளவு பிடிபடாமல் இரண்டு நாள் பருப்பு மிஞ்சியது. உப்பு சப்பற்ற அதை வீட்டில் வேறு யாரும் உண்ணவில்லை. போதாததற்கு, 'ஆயம்பில் காக்ரா' என்று கடையில் விற்கும் உலர் ரொட்டிப் பொட்டலங்களையும் வாங்கினேன். ஒவ்வொன்றும் இரட்டை நெகிழி உறையில் இருந்தது. குறைத்துக்கொள்வதற்காக ஏற்ற நோன்பில், நோன்பில்லாத வாரத்தைவிட அதிக எரிவாயு செலவாகி, அதிகக் குப்பையும் சேர்ந்ததைக் கண்டு மனம் நொந்து மூன்றாம் நாளோடு நிறுத்திக்கொண்டேன்.

சாலையில் இந்தக் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. ஒரே நெருப்பில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேகிறது. நீர் விடியற்காலையில் ஒரு முறை பெரிய அண்டாக்களில் காய்ச்சப்பட்டு, அகன்ற பித்தளைத் தாம்பாளங்களில் ஊற்றி ஆறவைக்கப்படுகிறது. காய்ச்சிய நீர் எவ்வளவு நேரம் குடிக்கத் தக்கது என்பதற்குப் பருவத்துக்கேற்ற வரம்பு உண்டு: கோடையில் 15 மணி நேரம், குளிர்காலத்தில் 12 மணி நேரம், மழைக்காலத்தில் 9 மணி நேரம். அதற்கு மேல் அதில் மீண்டும் நுண்ணுயிர்கள் தோன்றும் என்பது நம்பிக்கை. ஆகவே மிஞ்சும் நீரைக் கெடு முடிவதற்குள் பாத்திரம் துலக்கப் பயன்படுத்திவிடுகிறார்கள்; அதற்கும் மிஞ்சினால் சாக்கடையில் கொட்டாமல் மாடியில் வெயில் படும் தரையில் பரவலாகத் தெளித்து உலரவிடுகிறார்கள். சாக்கடையில் விழுந்தால் அங்குள்ள உயிர்களுக்குத் துன்பம் என்பதுதான் காரணம். சித்திரை வெயிலில் சென்னையில் ஒரு சொட்டு நீரையும் இப்படி எண்ணிக் கையாளும் வேறு சமையற்கூடத்தை நான் கண்டதில்லை.

காலையில் கோயிலில் துறவியரிடம் 'பச்சக்காண்' எனப்படும் அன்றைய உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு, பதினொன்றரை மணிக்குமேல் சாலைக்குச் செல்வது என் வழக்கமாக இருந்தது. நீளமான தாழ்ந்த பலகைகளுக்கு முன்னால் தரையில் அமர வேண்டும். அமர்ந்தபின், உண்டு முடிக்கும் வரை எழக் கூடாது. எழுந்தால் அன்றைய உணவு முடிந்தது. அதன்பின் கதிரவன் மறையும்வரை காய்ச்சிய நீர் மட்டுமே. பரிமாறுபவர்கள் அனைவரும் அப்பகுதியில் வாழும் குடும்பத்தினர். கூலிக்கு வருபவர்கள் அல்லர். முதல் நாள் நான் இரண்டு கரண்டி சோறு கேட்டபோது, பரிமாறிய அம்மையார் நல்ல சென்னைத் தமிழில், "அண்ணா, கொஞ்சமா வாங்கிக்குங்க, திரும்பத் திரும்ப வருவோம். தட்டுல மட்டும் மிச்சம் வைக்கக் கூடாது" என்றார். அவர் சொன்னது போலவே ஒவ்வொரு வரிசைக்கும் ஐந்தாறு முறை வந்தார்கள்.

உணவைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். மிளகாய், புளி, தனியா, தாளிப்பு எதுவும் இல்லை. உப்பு, மிளகு, சுக்கு, பெருங்காயம் மட்டும் உண்டு. இதற்குள் நின்றுகொண்டு அந்தச் சமையற்காரர்கள் செய்வது வியப்புக்குரியது. மிளகும் பெருங்காயமும் இட்ட துவரம்பருப்பு நீர் நம் மிளகு ரசத்துக்கு மிக அருகில் வருகிறது. அரிசி மாவைக் கொதிநீரில் கிளறிய களியைச் சூடாக உண்டால் எண்ணெய் இல்லாத குறையே தெரிவதில்லை. பச்சைப்பயற்று அடை சுமார். இட்லி மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை: இரவெல்லாம் புளித்த மாவு ஆகாது என்பதால் அன்றே அரைத்து அன்றே வேகவைக்கிறார்கள், அது கல்லாக இருக்கிறது.

ஒன்பது நாளும், சமணர் வணங்கிப் போற்றும் ஒன்பது பதங்களுக்கு, அதாவது உயர்நிலைகளுக்கு, உரியவை; அவற்றின் நிறத்துக்கேற்ப நாளுக்கொரு தானியம் மட்டும் உண்பவர்களும் இருக்கிறார்கள். அருகதருக்கு வெள்ளை, எனவே முதல் நாள் அரிசி. சித்தருக்குச் செம்மை, எனவே கோதுமை. ஆசாரியருக்கு மஞ்சள், கடலைப்பருப்பு. உபாத்தியாயருக்குப் பச்சை, பயறு. சாதுவுக்குக் கருமை, உளுந்து. எஞ்சிய நான்கு நாளும் மீண்டும் அரிசி. இவர்களுக்கென்று தனி வரிசையும் தனிக் கரண்டிகளும் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு நாளும் கலந்துவிடவில்லை. நான் ஐந்தாம் நாள் மட்டும் இந்த வரிசையில் அமர்ந்து, தோலோடு வெந்த கறுப்பு உளுந்தை மட்டுமே உண்டேன். ஒரு கைப்பிடி உளுந்துக்குள் இத்தனை சுவை இருப்பது இவ்வளவு வயதுக்குப் பின் எனக்குத் தெரிந்தது.

இந்தச் சாலையின் மிகச் சிறந்த வழக்கம் உணவு முடிந்தபின் வருகிறது. தட்டில் சிறிது காய்ச்சிய நீரை ஊற்றி, விரலால் சுற்றிலும் வழித்துக் கழுவி, அந்த நீரைக் குடித்துவிட வேண்டும். பிறகு துணியால் ஈரம் போகத் துடைத்து வைக்க வேண்டும். எச்சில் கலந்த மிச்சத்தில் 48 நிமிடத்துக்குள், அதாவது நம் கணக்கில் இரண்டு நாழிகைக்குள், எண்ணற்ற உயிர்கள் தோன்றும். அவற்றைத் தோன்றவிடாமல் இருப்பதே அகிம்சை என்கிறார்கள். முதல் நாள் எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால், நூறு பேர் உண்டு எழுந்த கூடத்தில் ஒரு பருக்கைகூட இல்லாததையும், குப்பைக் கூடை என்ற ஒன்றே வைக்கப்படாததையும், தட்டுகள் அடுக்கப்பட்ட இடத்தில் ஓர் ஈகூட மொய்க்காததையும் கண்டபின் கூச்சம் போய்விட்டது. காகிதத் தட்டோ நெகிழிக் குவளையோ ஒன்பது நாளும் நான் பார்க்கவில்லை.

குறைகளும் உண்டு. அறிவிப்புகள் அனைத்தும் இந்தியிலும் குஜராத்தியிலும் இருக்கின்றன. தமிழில் ஒரு பலகையாவது வைத்தால் என்னைப் போன்றவர்கள் எந்த வரிசையில் அமர்வது என்று தயங்கி நிற்க நேராது. கூடம் முதல் மாடியில் இருப்பதால், முழங்கால் வலியுள்ள முதியவர்கள் செங்குத்தான படிகளில் மிகவும் சிரமப்படுகிறார்கள். ஏழாம் நாள் வளர்பிறைத் திரயோதசி, மகாவீரர் பிறந்த நாள். அன்று கூட்டம் படியிறங்கி நின்றது, நான் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

இவையெல்லாம் சிறிய குறைகள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது ஒன்பதாம் நாள் பரிசளிப்பு. நோன்பு முடித்தவர்களுக்கு அன்பளிப்பு வழங்குவது 'பிரபாவனா' என்ற பழைய வழக்கம். நோற்றவரை வணங்கும் எண்ணத்தில் பிறந்தது, அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அன்று என் கைக்கு வந்தவை நெகிழித் தாள் சுற்றிய இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள், ஓர் அலங்காரப் பை, ஒரு சுவர்க்கடிகாரம் ஆகியவை. ஒன்பது நாட்கள் ஒரு பருக்கையையும் வீணாக்காத கூடத்தின் வாயிலில் அன்று மாலை கிழித்த நெகிழித் தாள்கள் குவிந்து கிடந்தன. டப்பாக்களை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை முதிய மாடுகளைப் பேணும் பாஞ்சராப்போலுக்கு அனுப்பலாமே என்று நிர்வாகிகளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் மரியாதையுடன் வாங்கிக்கொண்டார்கள். கொடையாளர்களிடம் பேசுவதாகவும் சொன்னார்கள்.

செல்ல விரும்புபவர்களுக்குச் சில செய்திகள். சமணராகப் பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அன்று ஆயம்பில் நோற்கிறேன் என்ற உறுதி போதும், யாரும் வேறு எதையும் கேட்கவில்லை. வேடிக்கை பார்க்கவோ இலவச உணவுக்காகவோ செல்வது முறையன்று. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்; ஒரு வேளைக்குமேல் உண்ண முடியாது என்ற விதியை இடையில் தளர்த்த இயலாது. எனக்கு இரண்டாம், மூன்றாம் நாட்களில் தலைவலி இருந்தது, நான்காம் நாள் தானாக நின்றது. பத்தாம் நாள் காலை, கதிரவன் எழுந்து 48 நிமிடம் கழிந்தபின் அங்கேயே பாரணைக்கும், அதாவது நோன்பை முடித்து உண்ணும் முதல் உணவுக்கும், ஏற்பாடு இருக்கிறது. நீர்க்கப் பாசிப்பயற்றுக் கஞ்சியும் சுக்கு கலந்த பாலும் தந்தார்கள். வீட்டுக்கு ஓடிப் போய் இட்லியும் சட்னியும் உண்பதைவிட வயிற்றுக்கு அதுவே நல்லது.

அடுத்த ஓளி ஆசுவின மாதத்தில், நம் புரட்டாசி அல்லது ஐப்பசியில் வருகிறது. அது நான்கு மாத மழைக்கால விதிக்குள் அடங்குவதால், காலை ஆறு மணிக்குக் காய்ச்சிய நீர் பிற்பகல் மூன்று மணி வரைதான் செல்லும். மாலை வரை குடிக்க மறுபடியும் காய்ச்சிய நீர் வேண்டும். அலுவலகம் செல்பவர்கள் ஒரு சிறிய செம்பை எடுத்துச் சென்றால், மதியம் இரண்டாம் முறை காய்ச்சும் நீரைச் சாலையிலேயே நிரப்பித் தருவதாகச் சொன்னார்கள். நான் அப்போதும் செல்கிறேன்.