வெள்ளவத்தை மூச்சுப் பயிற்சி வகுப்பு: 3 மாதம் போன பிறகு எழுதுகிறேன்

காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டு மேல்மாடியில் நடக்கிற பிராணாயாம வகுப்பு இது. அம்மா தவறிய பிறகு இரவு 2 மணிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க எழும்பி, விடியும்வரை முகட்டைப் பார்த்தபடி கிடப்பேன். அதற்காகத்தான் சேர்ந்தேன்.

முதல் இரண்டு வாரமும் பெரிதாக ஒன்றும் இல்லை. 4 எண்ணி இழு, 8 எண்ணி விடு. இதற்கா காசு என்று நினைத்தேன். ஆனால் விஷயமே அந்த விடுவதில்தான் இருக்கிறது: மூச்சு வெளியே போகும்போது, மூளையில் இருந்து நெஞ்சுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் கொஞ்சம் இறக்கும், நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை ஓடுகிற மூச்சும் 5க்கு வந்துவிடும். 2023இல் வெளிவந்த ஸ்டான்போர்ட் ஆய்வு ஒன்றிலும், வெளிமூச்சை நீட்டும் பயிற்சியை தினமும் 5 நிமிடம் ஒரு மாதம் செய்தவர்களுக்குப் பதகளிப்பு குறைந்தது. மன உற்சாகம் தியானம் செய்தவர்களைவிடக் கூடியது. எனக்கு இப்போதும் சில இரவுகளில் முழிப்பு வருகிறதுதான், ஆனால் ஏழெட்டு மூச்சில் நெஞ்சு அடங்கி விடுகிறது.

எனக்கு மிகப் பிடித்தது பிரமரி. பெருவிரலால் காதை அடைத்து, வாயை மூடி 'ம்ம்ம்' என்று மூச்சை விடப் பல்லும் கன்ன எலும்பும் அதிரும். அந்த நேரம் கரையோர ரயில் போனால் ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து அதிரும், ஒருவரும் கண் திறப்பதில்லை. "அடக்காதேங்கோ பிள்ளை, விடுங்கோ" என்று மிஸ் மெதுவாகச் சொல்லிக்கொண்டே நடப்பார்.

குறையையும் சொல்ல வேண்டும். சேரும்போது பிரஷர், ஆஸ்துமா, கர்ப்பம் என்று ஒன்றையும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் எல்லாருக்கும் கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) கொடுத்தார்கள், பக்கத்தில் இருந்த பிரஷர்க்கார அன்ரி தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் கதைத்த பிறகுதான் கேட்கத் தொடங்கினார்கள். இன்னொன்று, "இதைச் செய்தால் குளிசை தேவையில்லை" என்று அங்கே சிலர் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். மனநலத்துக்குக் குளிசை எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மனது தாங்காத நேரம் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள், இரவிலும் ஆள் இருக்கும்.

மாதம் 4,000 ரூபா, வாரத்தில் 2 நாள். மாலை வகுப்புக்கு வெறும் வயிற்றோடு போங்கள், பாயை நீங்களே கொண்டுபோக வேண்டும்.