‘ரெண்டாயிரத்தில் கேஸை முடிக்கிறேன்’ என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்களைக் குறிவைத்தே ஒரு பிழைப்பு நடக்கிறது. கோர்ட் வாசலிலோ பக்கத்து ஜெராக்ஸ் கடையிலோ ஆள் நிற்பார். “டி.டி. (டிரங்க் அண்ட் டிரைவ்) கேஸா? உள்ளே போகவே வேண்டாம், ரெண்டாயிரம் கொடுங்க, முடிச்சிடறேன்” என்பார். பணம் போய்விடும், வழக்கு அங்கேயே கிடக்கும்.

அந்த ரெண்டாயிரம் எங்கிருந்து வந்த கணக்கு என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் முதல் முறைக்கு இருந்த பழைய அபராத உச்சவரம்பு அது. 2019 செப்டம்பர் 1 முதல் முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘பத்தாயிரம் வரை’ என்று சட்டம் சொல்லவில்லை, பத்தாயிரம் என்றே சொல்கிறது. ஆகவே ‘குறைச்சு வாங்கித் தர்றேன்’ என்ற பேச்சைக் கேட்டதுமே உஷாராகிவிடலாம்.

சாலையிலேயே கட்டி முடிக்கக்கூடிய குற்றங்களைச் சட்டத்தின் 200ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. அதில் 185 கிடையாது. இந்த வழக்கை நீதிமன்றம்தான் முடிக்க முடியும். வண்டியில் வரும் மொபைல் கோர்ட்டாக இருந்தாலும் அதுவும் கோர்ட்தான். புரோக்கரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவருக்குச் சம்மன், ஆர்.சி.யில் உள்ள பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிடும். வாய்தாவுக்கு ஆள் வரவில்லை என்று பிடிவாரண்ட் பிறக்கும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துப் போலீஸ் சரிபார்ப்பு வரும்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவரும். அபராதம் கட்டி முடிந்த வழக்கைவிட, நிலுவையில் கிடக்கும் வழக்குதான் பாஸ்போர்ட்டுக்குப் பெரிய முட்டுக்கட்டை.

இன்னொரு வகை ஏமாற்று கோர்ட்டுக்கு உள்ளேயே நடக்கும். “ஆமாம்னு சொல்லிட்டு அபராதம் கட்டிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை” என்பார்கள். ஒப்புக்கொண்டு கட்டினால் அது தண்டனைப் பதிவு என்பதைச் சொல்லமாட்டார்கள். அடுத்த முறை மாட்டினால் இரண்டாவது குற்றம்: 15,000 ரூபாய் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒப்புக்கொள்வது தவறென்று சொல்லவில்லை. ஊதிப் பார்க்கும் கருவி 120 காட்டியிருந்தால் அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். 34, 36 என்று காட்டியவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஊதுகுழல் புதியதா? குடித்த அல்லது மவுத்வாஷ் கொப்பளித்த சூட்டோடு ஊத வைத்தார்களா? (வாயில் தங்கும் ஆல்கஹால் அடங்க 15 நிமிடமாவது ஆகும்.) அச்சிட்ட சீட்டில் நேரமும் பெயரும் சரியா? கைது செய்திருந்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்ததா? நடக்காவிட்டால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது 202ஆம் பிரிவு. ‘ஊதாம இருந்தா கேஸே நிக்காது’ என்று நண்பர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். காரணமின்றி மறுத்தால் அதையே உங்களுக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ள 205ஆம் பிரிவு இடம் தருகிறது.

லைசென்ஸ் விவகாரம் தனி. அபராதம் கட்டியதும் அது பத்திரமாகிவிட்டது என்பவர் ஒன்று அறியாதவர், இல்லை பொய்யர். பறித்த லைசென்ஸைப் போலீஸ் ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பும். குடிபோதைக்குக் குறைந்தது 3 மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. உங்கள் தரப்பைக் கேட்காமல் ஆர்.டி.ஓ. உத்தரவு போடக்கூடாது. உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நிறுத்திவைத்த காலத்தில் ஓட்டினால் 182ஆம் பிரிவில் புது வழக்கு: 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் லைசென்ஸை வாங்கும்போதே ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாதவர்களிடம்தான் ‘லைசென்ஸை எடுத்துத் தர்றேன்’ வியாபாரம் நடக்கிறது.

வாட்ஸ்ஆப்பில் ‘சலான் (அபராத நோட்டீஸ்) நிலுவை’ என்று ஏ.பி.கே. கோப்பு, அதாவது போனில் ஆப்பை நிறுவும் கோப்பு, வந்தால் தொடவே தொடாதீர்கள். எந்த அரசு அலுவலகமும் சலானை ஆப்பாக அனுப்பாது. அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாஹனின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். தொட்டுப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

ஏற்கெனவே புரோக்கரிடம் கொடுத்துவிட்டவர்கள் அவர் தந்த கைச்சீட்டை நம்பாமல், நீதிமன்ற வழக்கு நிலவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணையோ பெயரையோ போட்டுப் பாருங்கள். முடிந்த வழக்கென்றால் முடிந்தது என்றே காட்டும், உங்கள் கையில் கோர்ட் ரசீதும் இருக்கும். நிலுவை என்று காட்டினால் போலீஸ் தேடி வரும்வரை காத்திருக்காமல் வக்கீலோடு நீங்களே ஆஜராகி, வாரண்டை ரத்து செய்ய மனுப் போடுங்கள். நிரப்பாத வெற்று வக்காலத்தில் (உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு அனுமதி தரும் படிவம்) கையெழுத்துப் போடாதீர்கள். ஜிபே பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். அந்த ஆள்மீது மோசடிப் புகார் கொடுக்கும்போது அதுதான் முதல் சான்று.