மாற்றிய சிலிண்டர் ஹெட்டுக்குப் பழைய மேனிஃபோல்டா, புதிய ஹெடரா?

எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை மேம்பட்டதாக மாற்றியபின், அதில் வண்டியோடு வந்த வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையே (சிலிண்டர்களின் புகையைத் திரட்டி வெளியேற்றும் பாகம்) பூட்ட முடியுமா என்பது, போல்ட் துளைகள் பொருந்துவதோடு முடிந்துவிடும் கேள்வியன்று. ஹெட்டின் புகைவாய் (புகை வெளியேறும் துளை) பெரிதாகவும் மேனிஃபோல்டின் வாய் சிறிதாகவும் இருந்தால், இணையுமிடத்தில் எழும் விளிம்பு வெளியேறும் வாயுவைத் தடுத்து, ஹெட்டுக்குச் செலவிட்டதன் பயனைக் குறைத்துவிடும். மாறாக, மேனிஃபோல்டின் வாய் சற்றே பெரிதாக இருப்பது பெரும்பாலும் தீங்கற்றது. புகைவாய் உயர்த்தப்பட்ட ஹெட்டுகளில் மேனிஃபோல்டிலிருந்து கீழிறங்கும் குழாயின் இணைப்பும் விலகும். ஸ்பார்க் பிளக்கின் சாய்வு மாறியிருந்தால் அதற்கும் இடம் போதாமல் போகலாம்.

மேனிஃபோல்டுக்கு மாற்றாகப் பூட்டும் குழாய் ஹெடர் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் தருவதால் உயர் சுழற்சியில் எஞ்சின் தாராளமாக மூச்சுவிடும். ஆனால் மெல்லிய எஃகு இரைச்சலைக் கூட்டும். இணைப்பின் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட்டில் கசிவும் அடிக்கடி தலைகாட்டும். அன்றாட ஓட்டத்துக்கு, வாய் அளவு ஒத்துவருமானால், வார்ப்பிரும்பையே நான் தேர்வேன்.