தனியாகப் போய் வழி தவற ஏற்ற ஊர் எது: வெனிஸா, டோக்கியோவா, பார்சிலோனாவா?

நாலு பேராகப் போகும்போது ஒரு திருப்பம் தப்பிவிட்டால், முதலில் வரும் கேள்வி "யார் இந்தப் பக்கம் வரச் சொன்னது?" தனியாகப் போனால் அந்தத் தொல்லை இல்லை. பிடித்த இடத்தில் அரைமணி நேரம் நிற்கலாம், போக நினைத்த இடத்துக்குப் போகாமலே அன்றைய நாளை முடித்துக்கொள்ளலாம். ஆனால் "எனக்கென்னவோ இது சரியான வழியாகத் தெரியவில்லை" என்று கையைப் பிடித்து நிறுத்தவும் ஆளில்லை. அதனால் எந்த ஊரில் வழி தவறுகிறோம் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. தனியாகச் சுற்றிய மூன்று ஊர்களை இந்த ஒரு கணக்கில் மட்டும் இங்கே எடைபோடுகிறேன். தப்பான திருப்பத்தில் போனால் என்ன கிடைக்கும், அதிலிருந்து மீள என்ன செலவாகும். அருங்காட்சியகம், கோபுரம் எதுவும் கணக்கில் வராது.

வெனிஸில் வழி தவறத் தனியாக முயற்சி எடுக்க வேண்டாம், அதுவே நடக்கும். ஊர் ஆறு பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. கதவு எண் தெருவாரியாக இல்லாமல் பேட்டை முழுவதற்கும் ஒரே வரிசையாக ஓடுகிறது. காஸ்டெல்லோ பேட்டையில் அது 6,000-ஐத் தாண்டிவிடும். விடுதியின் முகவரி என்று பேட்டைப் பெயரும் நான்கு இலக்க எண்ணும் மட்டும் கையில் இருந்தால், தபால்காரரைத் தவிர வேறு யாருக்கும் அது பெரிதாக உதவாது. ஃபோனும் கைகொடுக்காது. இரு பக்கமும் உயர்ந்த சுவர், நடுவில் கீற்று வானம் என்று இருக்கும் சந்துகளில் ஜிபிஎஸ் தடுமாறி, நம்மைக் கால்வாயின் நடுவில் நிற்கவைத்துக் காட்டும். காலே வாரிஸ்கோ என்ற சந்தின் குறுகலான இடம் 53 செ.மீ.தான். முதுகுப்பை மாட்டியிருந்தால் பக்கவாட்டில்தான் போக வேண்டும்.

நம்பத் தகுந்தவை சுவர்கள். வெள்ளை பூசிய சட்டத்துக்குள் கறுப்பு எழுத்தில் தெருப்பெயர் இருக்கும். ஆங்காங்கே மஞ்சள் பலகையில் 'ரியால்டோவுக்கு', 'சான் மார்கோவுக்கு' என்று ஊரின் பெயர்பெற்ற பாலத்துக்கும் சதுக்கத்துக்கும் அம்புக்குறி. ஒரே இடத்துக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு அம்புகள் காட்டும் மூலைகளும் உண்டு. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு வழியாகப் போனாலும் போய்ச் சேரலாம் என்பது அப்புறம் புரிந்தது. நாலைந்து சொற்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. காலே தெரு, காம்போ சதுக்கம், ஃபொண்டமெண்டா கால்வாயோர நடைபாதை, சோட்டோபோர்ட்டெகோ வீட்டுக்கு அடியில் புகுந்து போகும் வழி. கோர்ட்டே என்று போட்டிருந்தால் அது வீடுகள் சூழ்ந்த முற்றம், பெரும்பாலும் முட்டுச்சந்து.

ஒரு மாலை கன்னரேஜோ கால்வாய் ஓரமாக ரயில் நிலையத்தைப் பார்த்து நடப்பதாக நினைத்துக்கொண்டு நேர் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு தாழ்வான சோட்டோபோர்ட்டெகோ தென்பட, நுழைந்தேன். பத்து எட்டு வைக்கும் தூரம் இருட்டு, அப்புறம் ஒரு குறுகிய தெரு, ஒரு பாலம், அதைத் தாண்டியதும் திடீரென்று அகலமான சதுக்கம். யூதர்களை 1516-இல் ஒதுக்கி அடைத்த இடம் அது. ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்பை கெட்டோ என்கிறோமே, உலகம் முழுவதும் புழங்கும் அந்தச் சொல் பிறந்ததும் அங்கேதான். சுற்றி நின்ற வீடுகளின் ஜன்னல் வரிசைகள் எனக்கு விசித்திரமாகப் பட்டன. பக்கத்துப் பேட்டை வீட்டில் மூன்று வரிசை இருக்கும் உயரத்தில் இங்கே நாலைந்து. அகலமாகப் பரவ அனுமதியில்லாத மக்கள் மேலே மேலே கட்டி, கூரையைத் தாழ்த்தி, அறைகளை அடுக்கியிருக்கிறார்கள். என் பட்டியலில் அந்த இடம் இல்லை. பட்டியல் போட்டவனின் அறியாமை அது, வேறென்ன.

வெனிஸில் தவறுக்கு வேலி தண்ணீர். சந்து சட்டென்று முடியும், பாசி படிந்த இரண்டு படிகள் கால்வாய்க்குள் இறங்கும், நாம் திரும்புவோம். அதற்கு மேல் எங்கும் போய்விட முடியாது. பெரிய கால்வாய்தான் சங்கடம். ஏறத்தாழ 3.8 கி.மீ. நீளத்துக்கு நான்கே பாலங்கள். எதிர்க்கரையில் விடுதி கண்ணுக்குத் தெரியும், போகத்தான் முடியாது. இரண்டு பேர் துடுப்பு போடும் டிராகெட்டோ படகு ஓடும் நேரமாக இருந்தால் 2 யூரோவில் அக்கரை. இல்லையென்றால் படகுப் பேருந்துக்கு 9.50 யூரோ. ஒரு கால்வாயைக் கடக்க அது கொள்ளைதான்.

டோக்கியோ கதை வேறு. அங்கே தவறு நடப்பது காலால் அல்ல, ரயிலால். ஒரு நிலையம் மாறி இறங்கினால் வேறு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருக்கும். பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. வட்டாரம், அதற்குள் பகுதி எண், தொகுதி எண், கட்டட எண் என்றுதான் முகவரி. நம் கணக்கில் தெரு என்பது அவர்கள் கணக்கில் இரண்டு தொகுதிகளுக்கு நடுவில் விட்ட இடைவெளி, அவ்வளவே.

ஆனால் யமனோத்தே வட்டப்பாதை மாதிரி ஒரு பாதுகாப்பு வலை வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. 34.5 கி.மீ., 30 நிலையங்கள், முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். எதிர்த்திசை ரயிலில் ஏறிவிட்டாலும் நேரம்தான் போகும், ஊர் போகாது. நிஷி நிப்போரியில் இறங்க வேண்டியவன், 'நிப்போரி' என்று காதில் விழுந்ததும் எழுந்து இறங்கிவிட்டேன். இரண்டு நிலையத்துக்கும் இடையே 500 மீட்டர்தான், சில நிமிடத்தில் அடுத்த ரயில். சரி, இறங்கியாகிவிட்டது, வெளியே எட்டிப் பார்ப்போம் என்று மேற்கு வாசல் வழியாகப் போனேன். யனாகா. 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் பெருமளவு தப்பிப் பிழைத்த வட்டாரம். ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்களான ஷோகுன்களில் கடைசியானவர் டோகுகாவா யோஷிநோபு அடங்கியிருக்கும் கல்லறைத் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. ஒரு பெரியவர் மரக் கரண்டியால் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, துணியின் முனையை விரலில் சுற்றி, செதுக்கிய எழுத்துகளின் பள்ளங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. நானும் அன்று ரயிலேறவில்லை.

வழி கேட்பதிலும் டோக்கியோதான் மேல். பல நிலையங்களின் அருகிலும் கோபன் என்ற சின்னக் காவல் சாவடி இருக்கும். வழி சொல்வது அவர்களின் அன்றாட வேலை. மொழி தெரியாவிட்டாலும், அக்கம்பக்கத்து வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள். வெனிஸில் யாரைக் கேட்டாலும் அவரும் பெரும்பாலும் நம்மைப் போல வழி தவறியவராகவே இருப்பார்.

டோக்கியோவிலும் வழி தவறக் கூடாத இடங்கள் உண்டு. ஷின்ஜுகு நிலையத்தில் 200-க்கு மேல் வாசல்கள். அங்கே தொலைவதில் ஒரு சுகமும் இல்லை, சுரங்க நடையும் மின்விளக்கும்தான். கடைசி ரயிலைத் தவறவிடுவது அதைவிட மோசம். நள்ளிரவுக்கும் ஒரு மணிக்கும் இடையில் சேவை நின்றால், மறுபடி தொடங்க நாலரை மணிக்கு மேல் ஆகும். டாக்ஸி எடுத்தால் பகலெல்லாம் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும்.

பார்சிலோனாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இல்டெஃபோன்ஸ் செர்டா 19-ஆம் நூற்றாண்டில் திட்டமிட்ட எஷாம்ப்ளா பகுதி முழுக்கச் சதுரக் கட்டங்கள், பக்கத்துக்கு சுமார் 113 மீட்டர், மூலைகளெல்லாம் சாய்வாக வெட்டப்பட்டவை. அங்கே மலைப்பக்கம், கடல்பக்கம் என்றே வழி சொல்வார்கள், அது அழகு. ஆனால் ஒரு கட்டம் தள்ளிப் போனாலும் அதே மாதிரி இன்னொரு கட்டம்தான் வருகிறது. தவறினால் தவறியது கூடத் தெரியாது. பழைய கோத்திக் பகுதியின் சந்துகள் சுவாரசியமானவைதான். பிக்பாக்கெட்டுக்கும் அந்த வட்டாரம் பெயர் போனது. ஃபோனைப் பார்த்தபடி தனியாக நிற்பவர் அவர்களுக்கு வசதி. ஒரு கை எப்போதும் பையின் மேல் இருந்தால், மனம் வேறெங்கும் போகாது.

ஆக, முதல்முறை தனியாகக் கிளம்புகிறவருக்கு நான் வெனிஸைச் சொல்வேன். எல்லாமே நடக்கும் தூரம், தண்ணீர் நிறுத்திவிடும். ஒரே ஒரு நிபந்தனை: அங்கே இரவு தங்க வேண்டும். காலையில் வந்து மாலையில் ரயிலேறுகிறவர் கடிகாரத்தைப் பார்த்தே நடப்பார், மஞ்சள் அம்பை விட்டு விலக மாட்டார். எனக்கு மறுபடி ஒரு டிக்கெட் கிடைத்தால் டோக்கியோவுக்குத்தான் போவேன். காலை ஒன்பதுக்கு வட்டப்பாதையில் ஏறி, பேர் தெரியாத ஏதாவது ஒரு நிலையத்தில் இறங்கி, இரவு பதினொன்றுக்குள் திரும்பிவிடுவேன். பதினொன்றுக்கு ஃபோனில் அலாரம் வைத்துக்கொண்டுதான்.