ஐயோவா விவசாய ஊருங்களோட பழைய மேப் பார்க்கணுமா, டோபோவியூ போங்க

அத்தை பையன் அமெரிக்காவுல ஐயோவா மாநிலத்துல இருக்கறதால அந்த ஊரு எப்படித்தான் இருக்கும்னு தேடப்போய் கிடைச்சது இந்த டோபோவியூ, அமெரிக்க அரசாங்கத்தோட புவியியல் ஆய்வுத் துறை யுஎஸ்ஜிஎஸ் நடத்தற சைட்டு. 1884ல இருந்து 2006 வரைக்கும் அச்சடிச்ச டோபோ ஷீட்டுங்களை, அதாவது மேடு பள்ளம், ரோடு, வீடெல்லாம் காட்டற மேப்புங்களை, ஸ்கேன் பண்ணி போட்டிருக்காங்க, பைசா கிடையாது. ஊர் பேரைத் தட்டி வருஷத்தை நகர்த்துனா போதும், ஷீட்டு வந்துரும்.

நம்ம ஏற்காடு ஷீட்டு, நம்பர் 58 ஐ/1, பார்த்திருக்கீங்களா? 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்டூர்தான் (ஒரே உயரத்துல இருக்கற இடங்களைச் சேர்க்கற கோடு), ஆனாலும் மலைச்சரிவுல கோடெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்கும். ஐயோவால தரை அவ்ளோ சமமா இருக்கறதால 10 அடிக்கு ஒரு கோடு போட்டும் அது பாட்டுக்கு எங்கயோ தள்ளித்தள்ளி போகுது, மீதி பூரா கட்டம் கட்டமா ரோடு. 1785ல சட்டம் போட்டு மைலுக்கு மைல் அளந்த நிலம், ஒரு கட்டம் 640 ஏக்கர், 36 கட்டம் சேர்ந்தா ஒரு டவுன்ஷிப்.

பெருசு பண்ணிப் பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு. குடியிருக்கற வீடுன்னா நிரப்புன கருப்புப் புள்ளி, தானியக் கொட்டாய்னா உள்ள வெறுமையா ஒரு கட்டம், கொடி நட்டிருந்தா பள்ளிக்கூடம், சிலுவை போட்டிருந்தா சர்ச். அதே இடத்தோட பழைய ஷீட்டையும் புது ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா கொடி போயிருக்கு, ரோட்டோரப் புள்ளிங்க பாதி இல்ல, வளைஞ்சு வளைஞ்சு போன ஓடையை வடிகாலுக்காக ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா வெட்டியிருக்காங்க. பண்ணையெல்லாம் பெருசாகப் பெருசாக குடும்பங்க கிளம்பிருச்சுங்க. எனக்கு மனசு கனத்துப் போச்சு, நம்ம பக்கமும் காடு வித்துட்டு டவுனுக்கு வந்த சனம் எத்தனை!

குறைன்னா, ஃபைல் கனம், செல்போன்ல திணறுது. ஊதா கலர்ல இருக்கறதை மட்டும் யோசிச்சு நம்புங்க, அதெல்லாம் ஆகாயத்துல இருந்து எடுத்த போட்டோவை வெச்சு பின்னாடி சேர்த்தது, ஆள் நேர்ல போய் சரிபார்க்காதது. ஷீட்டு ஓரத்துல சர்வே பண்ணுன வருஷமும் அச்சான வருஷமும் தனித்தனியா இருக்கும், ரெண்டையும் பார்த்துக்கங்க.

சும்மா பார்க்க ஜேபெக் போதும், கியூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல ஒண்ணுமேல ஒண்ணு வெச்சுப் பார்க்கறவங்க, இடத்தோட அளவும் சேர்ந்தே வர்ற ஜியோடிஃப் ஃபைலை எடுங்க. பிரிண்ட் வேணும்னா சேலம் அஞ்சு ரோடு பக்கம் வீட்டு பிளான் பிரிண்ட் போடற கடையில குடுங்க, 1:24,000 ஷீட்டை (தரையில 24,000 அங்குலம், ஷீட்டுல ஒரு அங்குலம்) முழு சைஸ்லயே போட்டா அந்தக் குட்டிக் கொடி கூட தெளிவா தெரியும்.