போட்டி போல்ரூம் டான்ஸ் பழகுறவங்க ஹட்டனுக்கு மாத்தலாகி வந்தா: ஒரு வருஷத்துக்கு மேல இருந்து பார்த்த அனுபவம்

வேலை மாத்தலாகி கொழும்புல இருந்து மலையகத்து ஹட்டனுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆகிருச்சு, இன்னும் கொஞ்ச காலத்துல திரும்பிடுவேன், அதுக்குள்ள இதை எழுதிடணும்னு நினைச்சேன் ஏன்னா நான் வரும்போது இதைப் பத்தி தமிழ்ல ஒரு வரிகூட கிடைக்கல. நான் பழகுறது போல்ரூம், ஆணும் பெண்ணும் சோடியா ஆடுற மேல்நாட்டு நடனம், அதுலயும் ஸ்டாண்டர்ட் பக்கம், அதாவது வோல்ட்ஸ், டாங்கோ, வியன்னீஸ் வோல்ட்ஸ், ஸ்லோ ஃபொக்ஸ்ட்ரொட், குயிக்ஸ்டெப் அஞ்சும். லத்தீன்ல சச்சா, சம்பா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ்னு இன்னொரு அஞ்சு இருக்கு, அதுல ரும்பாவும் சச்சாவும் மட்டும் கொஞ்சம் வரும். மெடல் டெஸ்ட் (படிப்படியா வர்ற டான்ஸ் பரீட்சை) எல்லாம் செஞ்சு பார்ட்னரோட போட்டிக்கு இறங்குவோம்னு இருந்த நேரத்துல மாத்தல் கடிதம் வந்துச்சு. பார்ட்னர் கொழும்புல, கோச் கொழும்புல, நான் மட்டும் மலையில.

முதல்லயே சொல்லிடுறேன், இந்தப் பக்கம் போட்டிக்குப் பழக்குற மாஸ்டர் ஒருத்தரைத் தேடி மாசக்கணக்கா அலையவேணாம். உங்க பழைய கோச்சையே பிடிச்சு வச்சுக்கங்க. இங்க தேடவேண்டியது ரெண்டே விஷயம், ஆடுறதுக்கு ஒரு நல்ல தரை, நீங்க ஆடுறதைப் பார்த்து உள்ளதைச் சொல்ற ஒரு ஆள். அந்த ரெண்டும் கிடைச்சா தாராளமா தாக்குப்பிடிக்கலாம், நான் பிடிச்சிருக்கேன்.

டான்ஸ் கிளாஸ்னு விசாரிச்சா ஹட்டன்ல எல்லாரும் காட்டுறது பரதநாட்டிய கிளாஸ். கண்டிக்குப் போனா கண்டிய நடனம், அது அந்த ஊருக்கே உரிய பெரிய கலை. அப்புறம் ஸூம்பா இருக்கு, கல்யாண ரிசெப்ஷனுக்கு மாப்பிள பொண்ணுக்கு ஒரு பாட்டுக்கு ஆடச் சொல்லிக்குடுக்கிறவங்க இருக்காங்க. போல்ரூம்னு போர்டு போட்ட ஒரு கிளாஸுக்கு நான் கண்டிக்கு கொஞ்ச காலம் போனேன், ஹட்டன்ல இருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளைன்னு பஸ்ல போகவே மூணு மணித்தியாலம் வரும். நல்ல மனுஷங்க, சந்தோஷமான கிளாஸ், ஆனா அது சோஷல் டான்ஸ். போட்டிக்கு ஆகாது. இதைப் போய்ப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும்னு இல்ல, ஃபோன்லயே கேட்டுறலாம். ரும்பால முதல் அடியை எந்த பீட்ல வைக்கச் சொல்லிக்குடுக்கிறீங்கன்னு கேளுங்க. இன்டர்நேஷனல் ஸ்டைல்ல ரெண்டாவது பீட்லதான் அடி விழும், ரெண்டு மூணு நாலு ஒன்னுன்னு எண்ணணும், நாலுல வைக்கிற அடி ஒன்னு முடியிற வரைக்கும் நிக்கும், அந்த நேரத்துலதான் இடுப்பு வேலை செய்யும். ஒன்னுல தொடங்கி சதுரமா சுத்தி வர்றதுதான் ரும்பான்னு சொன்னாங்கன்னா அது வேற ஸ்டைல், ஆடுறதுக்கு நல்லாத்தான் இருக்கும், உங்க ஜட்ஜ் அதுக்கு மார்க் போடமாட்டாரு. இன்னொன்னும் கேளுங்க, எந்த சிலபஸ்னு. ஐஎஸ்டிடி, ஐடிடிஏ மாதிரி டான்ஸ் பரீட்சை நடத்துற அமைப்புகளோட ப்ரொன்ஸ், சில்வர், கோல்ட் படி வச்சுச் சொல்லிக்குடுக்கிறவங்களுக்கு அந்தக் கேள்வியே சந்தோஷத்தைக் குடுக்கும், உடனே விளக்குவாங்க. பதில் சுத்தி வளைச்சு வந்துச்சுன்னா பஸ் காசை மிச்சப்படுத்துங்க.

தரை விஷயத்துக்கு வருவோம், இதுலதான் எனக்கு அதிகம் பாடு. இங்க கிடைக்கிற ஹோல் எல்லாம் பெரும்பாலும் சீமெந்து, இல்லாட்டி டைல்ஸ். டான்ஸ் சப்பாத்துக்கு அடியில சுவேட் தோல்தான் இருக்கும், அது பலகைத் தரையில வழுக்கவும் பிடிக்கவும் சரியான அளவுல இருக்கிறதுக்காக. சீமெந்துல அந்தத் தோல் உரசி உரசித் தேஞ்சு போகுது, திரும்பும்போது கால் பிடிச்சுக்குது, முழங்கால் முறுக்குது. டைல்ஸ்ல அதுக்கு நேர்மாறு, மழை நாள்ல சறுக்கும். சீமெந்துல பிவட் (ஒரு கால்ல நின்னு சுழல்றது) மட்டும் பழகாதீங்க, முழங்கால் போனா அப்புறம் எந்தக் கோச்சாலயும் ஒன்னும் செய்யமுடியாது.

ஆனா நல்ல பலகைத் தரை மலையகத்துல இல்லாம இல்ல. துரைமார், அதாவது வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் காலத்து கிளப்கள் இருக்கே, நுவரெலியா ஹில் கிளப் 1876ல தொடங்கினது, அது மாதிரி தோட்டப் பக்கங்கள்லயும் பழைய கிளப்கள் இருக்கு. அந்தக் காலத்துத் துரைமாரும் துரைசானிமாரும் வோல்ட்ஸும் ஃபொக்ஸ்ட்ரொட்டும் ஆடின தரைகள் இன்னும் கிடக்கு, லயத்துல, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல, இருந்த நம்ம சனத்துக்கு அந்தக் கதவு அப்ப திறந்தே இருக்கல, அவங்க ஆட்டம் மாசி மாசத்துக் காமன் கூத்துல தப்பு மேளச் சத்தத்தோட இருந்துச்சு. அந்த மாதிரித் தரையில முதல் தரம் கால் வைக்கும்போது எனக்கு அந்த நினைப்பு வராம இருக்கல. கிளப் எல்லாம் பெரும்பாலும் மெம்பர்ஸுக்குத்தான், அதனால நேரா போய்க் கேட்டா கிடைக்காது, வேலை செய்ற இடத்துல யாருக்காவது தோட்டத்து ஒஃபிசர் வீட்டு ஆளைத் தெரிஞ்சிருக்கும், அவங்க மூலமா வார நாள்ல மத்தியானம் ஹோல் சும்மா கிடக்கிற நேரத்தைக் கேட்டுப் பாருங்க. கூட வேலை செய்ற அண்ணன் ஒருத்தரோட மாமனார் மூலமா எனக்கு அப்படி ஒரு இடம் கிடைச்சுச்சு. எப்பவும் கிடைக்காது, ஆனா மாசத்துல கொஞ்ச நேரமாவது பலகையில ஆடினாத்தான் பாதம் தன் வேலையை மறக்காம இருக்கும்.

மிச்ச நாளெல்லாம் எனக்கு உதவினது பரதநாட்டிய டீச்சர் ஒருத்தங்கதான், இதை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கல. அவங்க கிளாஸ் நடத்துற மண்டபத்தை பிள்ளைங்க போனதுக்கு அப்புறம் ஒரு மணித்தியாலம் குடுக்க முடியுமான்னு கேட்கப் போனேன். சிவப்பு சீமெந்துத் தரை, ஆனா வருஷக்கணக்கா பிள்ளைங்க வெறுங்காலால தட்டித் தட்டி வழுவழுன்னு ஆகிருந்துச்சு, நடை பழக அது போதும். அவங்க ஒரு கதிரையைப் போட்டுக்கிட்டு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. வோல்ட்ஸ்க்கு நிமிஷத்துக்கு 28ல இருந்து 30 பார், ஒரு பாருக்கு மூணு பீட், அப்ப 84ல இருந்து 90 தட்டு வரும்னு சொன்னதும், "இது திஸ்ரம் (மூணு எண்ணிக்கை) தானே தங்கச்சி, பாட்டை நிப்பாட்டு, நான் தட்டுறேன்"னு தாளம் போடுற தட்டுக்கழியை எடுத்துட்டாங்க. தகிட தகிடன்னு கட்டையில விழுற அந்தச் சத்தத்துக்கு ஆடிப் பார்த்தாத்தான் தெரியும், பாட்டுல மெலடி நம்மளைத் தூக்கிக்கிட்டுப் போயிரும், தட்டுக்கழி தூக்காது, லயம் நம்ம கால்ல இருந்தாத்தான் நிக்கும். வியன்னீஸுக்கு 58ல இருந்து 60 பார்னு சொன்னேன், அதாவது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகம், அதையும் கை மாறாம தட்டினாங்க.

அவங்களுக்கு போல்ரூம் தெரியாது, ஆனா உடம்பைப் பார்க்கத் தெரியும். பொம்பிளைப் பக்கம் ஆடுறவங்களுக்குத் தெரியும், ஸ்டாண்டர்ட்ல பாதிக்கு மேல பின்னால நடக்கிறதுதான். காலைப் பின்னால நீட்டி விரல் நுனியில இருந்து விரலுக்குப் பின்னால இருக்கிற பந்துப் பாதத்துக்கு வந்து, முன்கால் உடம்புக்குக் கீழ வந்து சேரும்போதுதான் பின்கால் குதி மெதுவா இறங்கணும். டீச்சர் ரெண்டு சுத்து பார்த்துட்டு, "இடது குதி மட்டும் முந்திக்கிட்டு விழுது, சத்தமே கேட்குது, கவனி"ன்னாங்க. அந்த மண்டபத்துல அந்தச் சத்தம் உண்மையிலயே கேட்டுச்சு, டொக்குன்னு. கோச்சுக்கு வீடியோ அனுப்பினப்போ அவரும் அதையேதான் சொன்னாரு. வலது தோள் ஏறுறதையும் முதல்ல பார்த்தது டீச்சர்தான். அதனால உங்க ஊர்ல போல்ரூம் மாஸ்டர் இல்லன்னா பக்கத்துல இருக்கிற நல்ல நட்டுவாங்கம் (ஆட்டத்துக்குத் தாளம் போட்டு நடத்துறது) தெரிஞ்ச டீச்சர்கிட்ட போங்க, மரியாதையா கேளுங்க, ஹோல் வாடகையை முதல்லயே பேசிக் குடுத்துடுங்க.

ஒரு கவனம் மட்டும் வேணும். பரதம் பழகினவங்களுக்கு முழங்காலை மடக்கி நிக்கிற அரைமண்டியில பாதம் வெளிப்பக்கம் திரும்பியே பழகியிருக்கும், ஸ்டாண்டர்ட்ல ரெண்டு பாதமும் நேரா சமாந்தரமா போகணும், பார்ட்னரோட கால் நம்ம காலுக்கு இடையில வருதே. அங்க கத்துக்கிற பெரிய பிள்ளைங்க சிலர் ஆசைப்பட்டு எங்கூட நடந்து பழகினாங்க, தொடை பலம் அபாரம், பாதத்தை நேராக்குறதுக்குத்தான் காலம் எடுத்துச்சு.

கோச்சோட ஒன்லைன் கிளாஸ் பத்தி. லைவ்ல ஆடிக் காட்டுறது சரிவராது, அவர் எண்ணுற ஒன்னு எனக்கு வந்து சேரும்போது நான் ரெண்டுல நிப்பேன், பாட்டும் கொஞ்சம் பிந்தித்தான் வரும், மழைன்னா சிக்னலும் இழுபறி. எங்களுக்குச் சரிவந்த முறை, முதல் நாளே வட்ஸ்அப்ல வீடியோ அனுப்பிடுறது, ஒன்னு முதுகுப் பக்கம் முழு உயரத்துக்கு, ஒன்னு பக்கவாட்டுல ஃபோனைத் தரையோட வச்சு பாதம் மட்டும். அவர் பார்த்து வச்சிருப்பார், அப்புறம் கோல் எடுத்து நிப்பாட்டி நிப்பாட்டிப் பேசுவோம். இப்படிச் செய்ததுல என் டெக்னிக் கொழும்புல இருந்த காலத்தைவிட சுத்தமாச்சுன்னு தைரியமா சொல்லுவேன், ஏன்னா அங்க ரூட்டின் ரூட்டின்னு ஓடுவோம், இங்க அடிப்படைக்கு மட்டும்தான் நேரம். புது கொரியோகிராஃபி இந்த முறையில வரவே வராது, அதை நினைக்கவே வேணாம்.

பார்ட்னர் இல்லாம போறதுதான் உண்மையான இழப்பு. ஸ்டாண்டர்ட் ஹோல்ட்ல, அதாவது சோடியா பிடிச்சு நிக்கிற நிலையில, உடம்பு உடம்போட சேர்ந்துதான் லீட் (பார்ட்னர் காட்டுற வழி) வரும், அதைத் தனியா எந்தப் பயிற்சியாலயும் ஈடுகட்ட முடியாது. அதுக்காக மாசத்துக்கு ஒரு தரம் கொழும்புக்குப் போனேன், சனி ஞாயிறோட போயா (பௌர்ணமி லீவு) வந்து லீவு நீண்டா ரெண்டு தரம். ட்ரெயின்ல போறது உடம்புக்கு நல்லது, பஸ்ல கித்துள்கல வளைவுகள்ல குலுங்கிப் போய் இறங்கி உடனே ஆடினா இடுப்பு பிடிச்சுக்கும். இங்கயே ஒரு ஆம்பிளைப் பார்ட்னர் தேடலாமான்னு யோசிச்சேன், சின்ன ஊர், பேச்சு வரும், அதைவிட பழகாத ஒருத்தரோட பிழையான ஹோல்ட்ல ஆடினா என் முதுகு கெட்டுப்போகும்னு கோச் வேணாம்னுட்டாரு. வீட்டுக்கார அக்கா முதல்ல, "என்ன புள்ள பாட்டும் இல்லாம பின்னாலயே நடக்குற"ன்னு கேட்டாங்க, இது போட்டிக்குன்னு விளக்கிச் சொன்னதும் முன் ஹோல்ல இருந்த மேசையை அவங்களே நகர்த்தி வச்சுட்டாங்க. வெளிப்படையா சொல்லிட்டா பாதிப் பிரச்சினை தீருது.

ஸ்டாமினாவுக்கு மட்டும் மலை நல்ல இடம். போட்டியில ஒரு டான்ஸ் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிஷம், அஞ்சும் அடுத்தடுத்து வரும், குயிக்ஸ்டெப் கடைசி, அதுல கால் போயிரும். இங்க ஏத்தம் இறக்கம் நடக்காம எதுவும் வாங்க முடியாது, கடைக்குப் போய் வர்றதே பயிற்சி, கொழும்புல போய் ஆடும்போது மூச்சு மிச்சமிருக்கு.

சப்பாத்தைப் பத்திச் சொல்லியே ஆகணும். இங்க ஈரலிப்பு சாதாரணம் இல்ல, ஜூன் ஜூலை மழையில அலுமாரிக்குள்ள வச்ச சட்டின் சப்பாத்துல பூஞ்சணம் பூத்துடும். பிளாஸ்டிக் பையில கட்டி வைக்கவேணாம், துணிப் பையில போட்டு உள்ள பேப்பர் திணிச்சு காத்துப் படுற இடத்துல வைங்க, அடுப்புக்குப் பக்கத்துல காய வச்சா ஒட்டு விட்டுடும். சுவேட் அடி ஈரம் குடிச்சா பளபளன்னு ஆகி சறுக்கும், கம்பி பிரஷால ஒரே பக்கமா வாரிவிட்டா மறுபடி மயிர் எழும்பும். பழைய சோடி ஒன்னை சீமெந்துக்குன்னு ஒதுக்கிடுங்க, நல்ல சோடியைப் பலகைக்கும் கொழும்புக்கும் மட்டும் வைங்க.

கொழும்புப் பயணம் போடுறவங்க சிவனொளிபாதமலை யாத்திரை சீசனைக் கணக்குல எடுங்க, டிசம்பர் போயால இருந்து மே வெசாக் வரைக்கும், அந்தக் காலத்துல வார இறுதியில ஹட்டன் ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் நிரம்பி வழியும். அந்த மாசங்கள்ல நான் வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு மத்தியானமே இறங்கிடுவேன், ட்ரெயின் டிக்கட்டையும் முன்கூட்டியே புக் பண்ணிடுவேன், சனிக்கிழமை காலையில கோச்கிட்ட நிக்கும்போது கால் ஓய்வா இருக்கணும்.