செம்பருத்தி மகரந்தத்துக்கு எந்த நுண்ணோக்கி?

மகரந்தம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது எஸ்இஎம் எனப்படும் அலகிடும் எலக்ட்ரான் நுண்ணோக்கி எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். அவை அழகானவை. ஆனால் செடியை அடையாளம் காணவும், தேனில் எந்தப் பூவின் மகரந்தம் இருக்கிறது என்று பார்க்கவும் கல்லூரி ஆய்வகத்தில் உள்ள சாதாரண ஒளி நுண்ணோக்கிதான் முதலில் கைகொடுக்கும். அதில் படம் சரியாக வராவிட்டால், பெரும்பாலும் கோளாறு ஸ்லைடில்தான் இருக்கும்.

செம்பருத்தி மகரந்தத் தூள் ஒவ்வொன்றும் 100 மைக்ரானைத் தாண்டும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). உருண்டை, மேலெல்லாம் முள். 20 முதல் 40 மடங்கு பெருக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கியில் மகரந்தப்பை வெடித்திருப்பதும் தூள் ஒட்டியிருப்பதும் நன்றாகத் தெரியும். பூவைப் பிரித்து தூளை எடுக்க இதைவிட வசதியானது இல்லை. வகை பிரிக்க மட்டும் இது போதாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு வரை போகும். செம்பருத்தி முள்ளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட அது தாராளம். பார்வையின் நடுப்பகுதி மட்டுமே தெளிவாக இருக்கும், ஓரம் மங்கும்.

ஒளி நுண்ணோக்கிக்கு வருவோம். தூளை வெறும் தண்ணீரில் போட்டால் இரண்டு தொல்லைகள். தூளின் மேல் எண்ணெய்ப் பசை இருப்பதால் முள்ளுக்கு இடையில் காற்று சிக்கிக் கறுப்பு வளையமாகத் தெரியும்; தண்ணீரை உறிஞ்சிச் சில தூள்கள் வெடித்தும் போகும். அதனால் ஸ்லைடில் தூளை வைத்து ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, அது ஆவியானதும் எண்ணெய் ஓரத்தில் படிந்திருப்பதைத் துடைத்துவிடுங்கள். பிறகு ஃபக்சின் சாயம் கலந்த கிளிசரின் ஜெல்லியில் ஒரு சிறு துண்டு வைத்து மெல்லச் சூடாக்கி, மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்குங்கள். ஜெல்லிக்கு ஜெலட்டின் 8 கிராம், தண்ணீர் 42 மில்லி, கிளிசரின் 50 மில்லி, பூஞ்சை வராமலிருக்க ஃபீனால் 1 கிராம். கொதிக்க விட்டால் குமிழி வரும். கிளிசரினில் தூள் நாளடைவில் ஊதிப் பருக்கும் என்பதால் அளவெடுக்க வேண்டியதை முன்பே எடுத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு முரண். கவர் ஸ்லிப்பின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கும், 100 மடங்கு பெருக்கும் 100எக்ஸ் ஆயில் லென்ஸ்தான் நுணுக்கம் அதிகம் காட்டும். 40எக்ஸ் லென்ஸ் சுமார் அரை மைக்ரான் வரை பிரித்துக் காட்டினால் இது கால் மைக்ரான் வரை போகும். ஆனால் அந்த லென்ஸின் முனைக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி மிகக் குறைவு. செம்பருத்தி போன்ற பெரிய தூளின் நடுவுக்கு ஃபோகஸ் இறக்குவதற்குள் லென்ஸ் கவர் ஸ்லிப்பை அழுத்தி முள்ளை நசுக்கிவிடும். இதற்கு 40எக்ஸே சரி. மாறாக, தொட்டாற்சிணுங்கியின் மகரந்தம் நான்கு நான்காக ஒட்டிய மிகச் சிறிய தொகுப்பு. 10எக்ஸில் வெறும் புள்ளி, ஆயில் லென்ஸ் இல்லாமல் பார்த்துப் பயனில்லை.

40எக்ஸில் ஃபோகஸை மேலிருந்து கீழே மெதுவாக இறக்குங்கள். முதலில் முள்முனைகள், அடுத்து முள்ளின் அடிப்பகுதியும் சுவரிலுள்ள துளைகளும், நடுமட்டத்தில் வந்ததும் சுவரின் தடிமன் வெட்டிக் காட்டியதுபோல் தெரியும். ஸ்லைடுக்குக் கீழே ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் திறப்பான கண்டன்சர் டயஃப்ரத்தை முழுவதும் மூடிவிடாதீர்கள். படம் அழுத்தமாகத் தெரிவதுபோல் இருந்தாலும் இல்லாத கோடுகள் தோன்றும்.

புற ஊதா போன்ற ஒளி பட்டதும் பொருள் தானே ஒளிர்வதைக் காட்டும் ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கியின் சிறப்பு வேறு. சாயம் இல்லாமலே மகரந்தச் சுவர் ஒளிரும் என்பது உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும் இதைத் தேடிப் போக வேண்டாம். மகரந்தக் குழல் சூல்தண்டுக்குள் இறங்கியதா என்று பார்க்க வேண்டுமானால் இதற்கு இணையில்லை. சூல்தண்டைச் சோடியம் ஹைட்ராக்சைடில் மென்மையாக்கி, கழுவி, அனிலின் ப்ளூ சாயம் ஏற்றினால் குழலின் சுவரிலுள்ள கேலோஸ் என்ற பொருள் புற ஊதா ஒளியில் மஞ்சள் பச்சையாக மின்னும். கலப்பினம் செய்பவர்களுக்கு இந்த ஒரு காட்சி பல மாதக் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

எஸ்இஎம், மேற்பரப்பின் ராஜா. முள்ளின் வடிவம், இடையிலுள்ள நுண்துளைகள் என ஒளி எட்டாத நுணுக்கமெல்லாம் வரும். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே காட்டும். சுவர் எவ்வளவு தடிமன், உள்ளே என்ன இருக்கிறது என்பதை முழுத் தூளை வைத்துக் காண முடியாது. வெற்றிடத்தில் மெல்லிய சுவருள்ள தூள் குழிந்து போகும். மக்காச்சோள மகரந்தம் அப்படித்தான், காற்று போன பந்து மாதிரி. அந்தக் குழிவை இயல்பான அமைப்பு என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. ஆல்கஹால் செறிவைப் படிப்படியாக உயர்த்தி நீரை அகற்றி, திரவக் கார்பன் டை ஆக்சைடில் கிரிட்டிக்கல் பாயின்ட் உலர்த்தல் (திரவத்தின் பரப்பு இழுவிசை தூளைச் சுருக்காமல் உலர்த்தும் முறை) செய்தால் வடிவம் பெரும்பாலும் நிற்கும். மின்னேற்றம் தேங்காமலிருக்கத் தூளின் மேல் ஏற்றும் தங்கப் பூச்சு சில நானோமீட்டரிலிருந்து இருபது வரை இருந்தால் போதும். கூடினால் நுண்துளைகள் அடைபடும், குறைந்தால் மின்னேற்றம் தேங்கிப் படத்தில் வெள்ளைக் கீற்றுகள் ஓடும்.

எஸ்இஎம்முக்கு அனுப்புவதற்கு முன் அதே பூவின் தூளில் ஒரு பகுதியை ஜெல்லி ஸ்லைடாக எடுத்து வையுங்கள். எஸ்இஎம்முக்கான மின்கடத்தும் ஒட்டுநாடாவான கார்பன் டேப்பில் தூளை மெல்லிய படலமாகத் தூவி, ஒட்டாததை ஊதி அகற்றிவிட்டு, இரண்டிலும் ஒரே பெயரும் தேதியும் எழுதுங்கள்.